திரும்பி வந்தவரின் பெயர்

1984 இல் வந்த ‘எலைட்’ கேமில் 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள். 2014 இல் வந்த ‘எலைட் டேஞ்சரஸ்’ பால்வீதியையே 400 பில்லியன் நட்சத்திரத் தொகுதிகளோடு விரித்தது. அதற்கு வரைபடம் கீற வெளிக்கிட்டவர்கள் விளையாடினவர்கள்தான். 2019 இல் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து, ஏறக்குறைய 65,000 ஒளியாண்டு தள்ளியிருக்கும் ‘பீகிள் பொயின்ட்’ நோக்கிப் புறப்பட்டார்கள்.

முதலில் கண்டவரின் பெயர் அந்த நட்சத்திரத்திலேயே பதியும். ஆனால் கண்டால் மட்டும் காணாது. தகவலை ஒரு நிலையத்தில் கொண்டுவந்து கொடுக்கவேணும். வழியில் கப்பல் வெடித்தால் எல்லாம் போச்சு. பிறகு போய்த் திரும்பினவரே ‘முதலாமவர்’.

நாங்கள் படிக்கிற வரலாறும் இப்படித்தானே? திரும்பி வந்து சொன்னவரின் பெயர் இருக்கு. திரும்பாதவரை எந்த வரைபடத்தில் தேடுவோம்?