முதியோர் இல்லத்து முணுமுணுப்பு

விழா மலர் என்றாலே ஆலயம் எழுந்த ஆண்டு, மணி வந்த ஆண்டு, பங்குத் தந்தையரின் பெயர்கள் என்று எழுதுவது வழக்கம். வெள்ளாற்றங்கரைப் புவனகிரியிலிருந்து எழுதும் நாம், எந்தப் பதிவேட்டிலும் ஏறாத வரலாறு ஒன்றைத் தொட விழைகிறோம். முதியோர் இல்லங்களில் வாழும் பெரியோர் இறைவனோடு தமக்குள்ளே பேசும் பேச்சின் வரலாறு அது.

1839ஆம் ஆண்டுக் குளிர்காலம். பிரான்சு நாட்டின் சேன் செர்வானில் வேலைக்காரியாய்ப் பிழைத்த ழான் ஜுகான் என்ற பெண்மணி, பார்வையற்ற, கைகால் விழுந்த ஒரு மூதாட்டியைத் தம் வீட்டிற்குக் கொண்டுவந்து, தம் படுக்கையையே கொடுத்துவிட்டார். அதிலிருந்து பிறந்ததே ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை. அச்சகோதரிகள் 1882இல் கல்கத்தாவுக்கும், 1900இல் பெங்களூருக்கும், பின்னர் நம் சென்னைக்கும் வந்தனர்.

பலர் அறியாத செய்தி வேறு. 1843இல் ழான் ஜுகான் தலைமைப் பொறுப்பிலிருந்து அகற்றப்பட்டார். கூடை ஏந்திப் பிச்சை எடுப்பதே அவர் வேலையாயிற்று. 1852இல் அதுவும் போய், மடத்திற்குள் ஒதுக்கப்பட்டார். இளங் கன்னியருக்கு இவரே ஸ்தாபகி என்பதுகூடத் தெரியாது. கண்ணும் மங்கிற்று. முதியோருக்கு இல்லம் கண்டவரே முதியவராகி, செபமே தொழிலாக 27 ஆண்டுகள் வாழ்ந்து, 1879இல் தமது 86ஆம் வயதில் இறந்தார். 2009இல் திருச்சபை அவரைப் புனிதர் வரிசையில் சேர்த்தபோது, அந்த 27 ஆண்டுகளையும் எண்ணியே சேர்த்தது என்பது நமது துணிபு.

நம் பெரியோரின் செபத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கக் காலம் வரை பூசை இலத்தீனில். குரு பீடத்தை நோக்கி நிற்க, சனங்கள் கீழே செபமாலை உருட்டினார்கள். பழைய ‘பிரியதத்த மந்திரம்’ பிறகு ‘அருள் நிறைந்த மந்திரம்’ ஆயிற்று. ஆனால் பெற்ற பிள்ளையின் பெயரையே மறந்துவிட்ட பாட்டிகள்கூட, பிரியதத்தத்தைத் தொடங்கினால் தடங்கலின்றி முடிப்பதுண்டு. அவர்களைப் புது மொழிக்குத் திருத்த முனைவோரும் உண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை.

‘அவஸ்தைப் பூசுதல்’ என்றாலே சாவு என்று நடுங்கிய காலமும் இருந்தது. 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அச்சடங்கைச் சீர்திருத்தினார். முதியவர்க்குக் கொடிய நோய் வேண்டியதில்லை, தள்ளாமையே போதும். இன்றும் சில வீடுகளில் குருவானவரை அழைக்கத் தயங்குகிறார்கள், பெரியவர் பயந்துவிடுவாராம்! பயம் பெரும்பாலும் பிள்ளைகளுக்குத்தான்.

நற்கருணை வாங்கிய பின் அப்பெரியோர் நெடுநேரம் கண்மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருப்பார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டால், சிரிப்பார்கள்.