பிள்ளை கட்டும் துணி பிறந்த கதை

ஹைதராபாதின் மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் கட்டடத்தைப் பிரதமர் வாஜ்பாய் 1998 நவம்பரில் திறந்துவைத்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை பாறையும் புதருமாகக் கிடந்த ஊர்ப்புறம் இது. பாறையை உடைத்து, மண் சுமந்து, கலவை தூக்கி இந்த நகரத்தை எழுப்பியதில் ‘பாலமூர் கூலிகள்’ என்று அழைக்கப்படும் மகபூப்நகர் மாவட்டத்துக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. வறண்ட கிராமங்களிலிருந்து அணைக்கட்டுக்கும் கால்வாய்க்கும் அடுக்குமாடிக்கும் தலைமுறை தலைமுறையாக வேலை தேடிப் போனவர்கள். கணவனும் மனைவியுமாக வந்தார்கள். கைக்குழந்தையை விட்டுவர ஆளில்லை. அதனால் குழந்தையும் வந்தது, அம்மாவின் பழைய சேலையில் கட்டப்பட்டு.

மாதாப்பூரில் கட்டட வேலை இன்னும் ஓயவில்லை. சாரம் கட்டிய இடத்தின் ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றால் அந்தச் சேலைக்கட்டைப் பார்க்கலாம். நைந்த பருத்திச் சேலையை நீளவாக்கில் மடித்துக்கொள்கிறார் ஒரு பெண். இடுப்பை வளைத்துக் குனிந்து குழந்தையை முதுகில் கிடத்துகிறார். துணியை அதன் மேல் போர்த்தி, ஒரு முனையைத் தோளுக்கு மேலாகவும் மறுமுனையை அடுத்த கைக்குக் கீழாகவும் இழுத்து, நெஞ்சுக்கு மேலே முடிச்சுப் போடுகிறார். பிறகு கையைப் பின்னால் விட்டு, குழந்தையின் பிட்டத்துக்கு அடியில் துணியைச் சொருகிவிடுகிறார். நிமிரும்போது ஒரு சின்னக் குலுக்கல். குழந்தை இறங்கி உட்கார, துணி இறுகிக்கொள்கிறது. இரண்டு கையும் வேலைக்குத் தயார். மத்தியானச் சோற்று வேளையில் அதே சேலை அவிழ்ந்து, இரண்டு கம்புகளுக்கு நடுவே தூளியாகிவிடுகிறது.

கொஞ்ச தூரத்தில் ஷில்பாராமம் என்ற கைவினைக் கிராமம். அங்கே மாலையில் நடக்க வரும் இளம் தாய்மார்கள் சிலர் குழந்தையை மார்போடு கட்டியிருக்கும் துணிக்குப் பெயர் ‘ராப்’. ஆன்லைனில் வாங்கினால் சில ஆயிரம் ரூபாய். இரண்டும் அடிப்படையில் ஒரே துணிதான். கட்டட வேலைக்காரப் பெண்ணின் சேலைக்கட்டுக்குப் பிறந்த தேதி கிடையாது. கடையில் விற்கும் ராப்புக்கும், தோளில் மாட்டும் ஸ்லிங்குக்கும் தேதி உண்டு, பேரேட்டில் பெயரும் உண்டு. அந்தத் தேதிகளைப் புரட்டிப் பார்த்தால் ஒவ்வொன்றின் பின்னாலும் பெயர் பதிவாகாத தாய்மார்கள் நிற்பது தெரிகிறது.

ஆன் மூர் அமெரிக்காவைச் சேர்ந்த குழந்தைகள் நலச் செவிலியர். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசின் பீஸ் கோர் அமைப்பின் தொண்டராக மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோவுக்குப் போனார். அங்கே தாய்மார்கள் குழந்தையை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு சந்தைக்கும் வயலுக்கும் போவதையும், அப்படி ஒட்டியே இருக்கும் குழந்தைகள் அழாமல் அமைதியாக இருப்பதையும் பார்த்தார். ஊர் திரும்பித் தனக்கு மகள் பிறந்ததும் அதேபோல் கட்டிப் பார்த்தார். கட்டத் தெரிந்த கை இல்லாததால் குழந்தை நழுவியது. ஓஹையோ மாநிலத்தில் இருந்த தன் அம்மா லூசி ஆக்கர்மனிடம் சொல்ல, அவர் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து தோள்பட்டைகளோடு ஒரு பை தைத்துக் கொடுத்தார். வழியில் பார்த்தவர்கள் கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் தைக்க அக்கம்பக்கத்துப் பெண்களும் சேர்ந்தார்கள். ‘ஸ்னக்லி’ என்ற பெயரில் அது வளர்ந்தது. 1969-இல் காப்புரிமை கிடைத்தது. ஆப்பிரிக்கத் தாய்மாரிடம் பார்த்துக் கற்றது என்பதை மூர் வெளிப்படையாகவே சொல்லிவந்தார். அது அவருடைய நேர்மை. ஆனால் டோகோ சந்தையில் அவர் பார்த்த பெண்களின் பெயரை எழுதக் காப்புரிமைத் தாளில் இடம் இல்லை.

அதே 1969-இல் டெல்லியில் நடந்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்காக ராஜ்காட் அருகே கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. கூலிப் பெண்களின் குழந்தைகள் புழுதியிலும் வெயிலிலும் கிடந்ததைப் பார்த்த மீரா மகாதேவன், அங்கேயே ஒரு கூடாரம் போட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தார். ‘மொபைல் கிரெச்சஸ்’ என்ற அமைப்பு அப்படித் தொடங்கியது. ஒரே ஆண்டில் ஒரு நாட்டில் பிள்ளையைச் சுமக்கும் துணி காப்புரிமை பெற்றது. இன்னொரு நாட்டில் சுமக்கிறவளுடைய முதுகிலிருந்து பிள்ளையை இறக்கிவைக்க ஓர் இடம் பிறந்தது. எனக்கு இரண்டாவதுதான் பெரிய கண்டுபிடிப்பாகப் படுகிறது.

நீளத் துணியான ராப்பின் கதை ஜெர்மனியில் இருக்கிறது. எரிகா ஹோஃப்மனுக்கு 1971-இல் இரட்டைப் பெண்கள் பிறந்தார்கள். ஒன்றைத் தூக்கினால் மற்றது அழும். இரட்டைப் பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும். மெக்சிகோ பெண்கள் குழந்தையைக் கட்டிக்கொள்ளும் ‘ரெபோசோ’ என்ற சால்வை அவரிடம் இருந்தது. அதில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். பத்திரிகைகளில் படம் வந்தது, கேட்டுக் கடிதங்கள் வந்தன. 1972-இல் நிறுவனம் தொடங்கி, இரட்டையர் என்று பொருள்படும் ‘டிடிமோஸ்’ என்ற கிரேக்கப் பெயரை வைத்தார். பிள்ளை கட்டுவதற்கென்றே ஒரு நெசவை உறுதிப்படுத்தியது அந்த நிறுவனத்தின் முக்கியமான வேலை. நீளவாக்கில் இழுத்தாலும் அகலவாக்கில் இழுத்தாலும் அந்தத் துணி நெகிழாது. மூலைவாக்கில் இழுத்தால் சற்றே நெகிழ்ந்து, விட்டதும் திரும்பிவிடும். குழந்தையின் உடம்பைச் சுற்றிப் படியவும் வேண்டும், பாரத்தில் தொய்யவும் கூடாது என்ற இரண்டு தேவைக்கும் அந்தக் குறுக்கு நெசவுதான் விடை.

1981-இல் ஹவாயில் ரேய்னர் கார்னர் என்பவர் தன் மனைவிக்காகத் துணியின் ஒரு முனையில் இரண்டு வளையங்களைத் தைத்தார். மறுமுனையை அவற்றினூடே கோத்து இழுத்தால் இறுகும், வளையத்தைத் தூக்கினால் தளரும். முடிச்சே வேண்டாம். ரிங் ஸ்லிங் அதுதான். பிறகு மருத்துவர் வில்லியம் சியர்ஸ் அந்த வடிவத்தை வாங்கி, தன் எழுத்தின் மூலம் அமெரிக்க வீடுகளில் பரப்பினார்.

கொலம்பியாவின் பொகோட்டாவில் இதே துணி ஒரு மருத்துவமனையில் உயிர் காக்கும் பொருளானது. 1978-இல் அங்கே மருத்துவர் எட்கர் ரேயின் முன்னால் இருந்த நிலைமை: குறைமாதக் குழந்தைகள் நிறைய, இன்குபேட்டர்கள் குறைவு. ஒரே பெட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள், அதனால் தொற்று. குழந்தையை அம்மாவின் வெற்று மார்பில் நிமிர்த்தி வைத்து, துணியால் கட்டி, தாய்ப்பாலே கொடுத்து வளர்க்கச் சொன்னார். ‘கங்காரு பராமரிப்பு’ என்று இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் செய்வது அதுதான். இந்தியாவும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளும் சேர்ந்து உலக சுகாதார நிறுவனத்தின் ஒருங்கிணைப்பில் நடத்திய ஆய்வு 2021-இல் வெளிவந்தது. நம் தரப்பில் பங்கேற்றது டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையில் பிறந்த 3,211 குழந்தைகள். வழக்கம்போல் உடல்நிலை சீரான பிறகு அம்மாவிடம் கொடுத்த குழந்தைகளில் 28 நாளுக்குள் இறந்தவை 15.7 சதவீதம். பிறந்த உடனேயே அம்மாவின் மார்பில் கட்டியவற்றில் 12 சதவீதம். கூடுதல் மருந்தோ இயந்திரமோ இல்லாமல் வந்த வேறுபாடு இது.

இனித் தையலுக்கு வருகிறேன். மாதாப்பூர் அய்யப்பா சொசைட்டியில் என் தங்கை வீட்டில் அவள் குழந்தைக்காக நாங்கள் தைத்ததை வைத்தே சொல்கிறேன்.

ராப்புக்கு ஏறத்தாழ 4.6 மீட்டர் நீளமும் 65 முதல் 75 சென்டிமீட்டர் அகலமும் வேண்டும். 60 அங்குல அகலத் துணியில் ஐந்து மீட்டர் வாங்கி நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் இரண்டு ராப் கிடைக்கும். ஒன்று துவைக்கப் போனால் மற்றொன்று. துணி பருத்தியாக, கைத்தறியாக இருப்பது நல்லது. ஷில்பாராமக் கடைகளில் கிடைக்கும் மங்களகிரிப் பருத்தி நெருக்கமான நெசவு. நம் சென்னிமலைப் போர்வைத் துணி இன்னும் தோதானது, ஆனால் தைத்து முடித்த போர்வையாக வாங்கினால் நீளம் போதாது. அது ரிங் ஸ்லிங்குக்குத்தான் ஆகும். பவானி ஜமுக்காளம் உறுதி, ஆனால் விறைப்பு. குழந்தை உடம்பில் படியாது. ஜரிகைக் கரை குத்தும். பாலியஸ்டர் ஹைதராபாத் வெயிலுக்கு ஆகவே ஆகாது.

கடையிலேயே மூன்று சோதனைகளைச் செய்துவிடலாம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்; மறுபக்கம் தெளிவாகத் தெரிந்தால் வைத்துவிடுங்கள். நகத்தால் குறுக்கே சுரண்டுங்கள்; ஊடை இழை விலகி இடைவெளி விட்டால் அந்தத் துணி பாரம் தாங்காது. பிறகு மூலைவாக்கில் இழுங்கள். கொஞ்சம் நெகிழ்ந்து திரும்ப வேண்டும். பழைய சேலை என்றால் இந்தச் சோதனை இன்னும் அவசியம். வெளுத்து இற்றுப்போன சேலை தூளிக்கே ஆகாது.

கஞ்சி போக இரண்டு மூன்று முறை அலசிக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் தைத்தபின் சுருங்கும். எங்கள் தெருத் தையற்காரர் நல்ல கைக்காரர். ஆனால் அகலம் பற்றாது என்று நடுவில் ஒட்டுப் போடலாம் என்றார். வேண்டாம் என்றோம். பாரம் தாங்கும் துணியில் நடுவே தையல் வந்தால் முதலில் விடுவது அதுதான். ஓரத்தை இரண்டு மடிப்பாக அரை அங்குலம் மடித்து, பாலியஸ்டர் நூலால் நெருக்கமான தையல். இரண்டு முனைகளையும் சாய்வாக வெட்டினால் முடிச்சு உருண்டையாகத் திரளாது. நீளத்தின் சரிபாதியில் ஓரத்தில் வேறு நிற நூலால் ஓர் அடையாளம்; இருட்டில் எழுந்து கட்டும்போது கை அதைத்தான் தேடும். ரிங் ஸ்லிங் தைப்பவர்கள் வளையத்தில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. கைப்பைக்கு விற்கும் பற்றவைத்த வளையம் பிரிந்துவிடலாம். பிள்ளை சுமக்கவென்றே ஒட்டில்லாமல் செய்த வளையம் தனியாகக் கிடைக்கிறது. தோள் மடிப்பில் மூன்று வரிசைத் தையல் ஓட வேண்டும்.

தைப்பது ஒரு பகல் வேலைதான். கட்டுவதைக் கற்பதில்தான் உயிர் இருக்கிறது. அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் ஸ்லிங்குகள் பற்றி எச்சரிக்கை விடுத்தது. அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் 14 குழந்தைகள் இறந்திருந்தன. அவற்றில் 12 குழந்தைகள் நான்கு மாதம்கூட நிறையாதவை. பை போன்ற துணிக்குள் குழந்தை சுருண்டு, தாடை மார்பில் அழுந்தினால் மூச்சுக்குழல் மடங்கிவிடும். சத்தமே வராது. மூக்கு துணியில் புதைந்தாலும் அப்படித்தான். ஆகவே குழந்தை நிமிர்ந்து இருக்க வேண்டும். முகம் எப்போதும் உங்கள் கண்ணில் பட வேண்டும். குனிந்தால் உச்சியில் முத்தமிடும் உயரத்தில் இருக்க வேண்டும். தாடைக்கும் மார்புக்கும் நடுவே உங்கள் விரல் நுழைய வேண்டும். துணி முதுகோடு இறுகியிருக்க வேண்டும். முழங்கால்கள் பிட்டத்தைவிட உயர்ந்து, தொடைகள் விரிந்து, துணி ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்கால்வரை தாங்கினால் இடுப்பு மூட்டுக்கும் நல்லது. கால்களைத் தொங்கவிட்டபடி குழந்தையைச் சுமப்பதைத் தவிர்த்துவிடுங்கள். குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்காமல் கட்டவே வேண்டாம். கட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்காதீர்கள், ஸ்கூட்டரில் ஏறாதீர்கள்.

முதல் முறை கட்டும்போது கட்டத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது எந்தக் காணொளியையும்விட மேல். டோகோவிலிருந்து திரும்பிய ஆன் மூருக்கு நழுவியதற்குக் காரணம், பக்கத்தில் டோகோ பெண் ஒருத்தி இல்லாமல் போனதுதான்.

இந்தத் துணியைப் புகழும்போது ஒன்றை மறக்கக் கூடாது. விரும்பிக் கட்டுவது வேறு, வேறு வழியின்றிக் கட்டுவது வேறு. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் கட்டட இடத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அறை வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம் எழுதிவைத்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது 2017-இன் மகப்பேறு சட்டத் திருத்தம். சிமென்ட் தூசிக்கு நடுவே முதுகில் பிள்ளையோடு கலவைச் சட்டி சுமக்கும் பெண்ணைப் பார்த்து, நம் பண்பாடு என்று நெகிழ எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கு வேண்டியது அந்த அறை.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையில் பிரசவமாகும் தாய்க்கு 2015 முதல் ஒரு பரிசுப் பெட்டகம் தருகிறார்கள். குழந்தைக்குத் துண்டு, சட்டை, கொசுவலை, எண்ணெய், சோப்பு, கிலுகிலுப்பை, தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம் என்று 16 பொருட்கள். தெலங்கானாவும் 2017-இல் இதே வழியில் ஒரு பெட்டகம் கொடுக்கத் தொடங்கியது. பதினேழாவதாக, சென்னிமலைத் தறியில் நெய்து ஓரம் அடித்த ஒரு பிள்ளை கட்டும் துணியைத் தமிழ்நாட்டுப் பெட்டகத்தில் சேர்க்கலாம். வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் ஒரு செவிலியர் அதைக் கட்டிக் காட்டி, தாயையும் ஒருமுறை கட்டச் செய்து பார்த்து அனுப்ப வேண்டும். தறியும் இங்கே இருக்கிறது, செவிலியரும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு இதை முதலில் செய்யட்டும்.