ஒரே கூரையின் கீழ்: சிறுநகர் அரசுப் பள்ளி தரும் வரலாற்றுப் பாடம்

கல்விப் பணியின் வரலாற்றை எழுதப் புகும் திருச்சபையார் நமது நிறுவனங்களிலிருந்தே தொடங்குவது வழக்கம். அதற்குத் தக்க காரணமும் உண்டு. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, அடுத்த ஆண்டே பெண்பிள்ளைகளுக்கெனப் பள்ளி நிறுவினார். ஆயினும், நமது ஏடுகளில் அரிதாகவே இடம்பெறும் பள்ளி ஒன்று உண்டு. அது ஆண்மக்களும் பெண்மக்களும் சேர்ந்து பயிலும் சிறுநகர் அரசு உயர்நிலைப் பள்ளி. பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தை முன்வைத்து அதன் பொருளை இங்கு ஆராய முற்படுகிறோம்.

இவ்வட்டாரம் நெடுங்காலம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் மானாவாரிக் காடுகள் ஒருபுறம். சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டு ஆலைகளும் மறுபுறம். மழையை நம்பிய குடும்பத்தில் பிள்ளையின் கை வேலைக்கு வேண்டியதாயிற்று. பெண்பிள்ளையின் கையோ வீட்டிற்கும் வயலுக்கும் வேண்டியதாயிற்று.

1854ஆம் ஆண்டின் உட் அறிக்கை பெண்கல்விக்கு ஊக்கமளித்தது. 1884ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஜில்லா, தாலுக்கா போர்டுகள் நாட்டுப்புறங்களில் பள்ளிகள் நடத்தின. எனினும், உயர்நிலைக் கல்வி பெரும்பாலும் ஆண்மக்களுக்கே உரியதாயிருந்தது. பெண்கள் உயர்நிலைப் பள்ளியோ பெருநகரில் இருந்தது. அங்கே மகளை அனுப்பி விடுதியில் தங்கவைக்க எளிய குடும்பத்தாரால் இயலவில்லை.

இத்தடை நீங்கத் தொடங்கியது காமராசர் முதலமைச்சராயிருந்த 1954 முதல் 1963 வரையிலான காலத்தில் ஆகும். 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று. கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் தம் பள்ளிக்குப் பொருளுதவி செய்தனர். நடந்து செல்லும் தொலைவில் பள்ளிகள் பெருகின. சிறிய ஊர் இரண்டு உயர்நிலைப் பள்ளிகளைத் தாங்காது. ஆகவே ஒரே கூரையின் கீழ் இருபாலரும் அமர்ந்தனர். இஃது உயரிய கொள்கையால் விளைந்ததைவிடத் தேவையால் விளைந்ததே என்பது நமது கருத்து. இல்லாமையே இங்கு ஒரு வாயிலைத் திறந்தது.

1978இல் மேல்நிலைக் கல்வி பள்ளிகளிலேயே அமைந்தது. 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் 1984இல் பத்து முதல் பதினைந்து வயதுடைய மாணவருக்கும் விரிந்தது. பெரம்பலூர் 1995இலும், அரியலூர் 2001இலும், இடையில் மீண்டும் இணைக்கப்பட்டபின் 2007இலும் தனி மாவட்டங்களாயின.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மாநில எழுத்தறிவு 80.09 விழுக்காடாயிருக்க, அரியலூரில் அது 71.34 மட்டுமே; பெண்களிடையே ஏறத்தாழ 62. ஆனால் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் பெரம்பலூர் 2023இல் 97.67 விழுக்காட்டுடனும், அரியலூர் 2024இல் 97.31 விழுக்காட்டுடனும் மாநிலத்தில் முதலிடம் பெற்றன. இக்கணக்கில் எல்லா வகைப் பள்ளிகளும் அடங்கும் என்பதை மறவோம். எனினும், எழுத்தறியாத் தாயின் மகள் தேர்வெழுதி வெளிவரும் மாற்றம் இவ்வெண்களுக்குப் பின்னால் நிற்கிறது.

இங்கே எச்சரிக்கையும் வேண்டும். விழுக்காடு தேர்வெழுதியவரை மட்டுமே கணக்கிடும். இடையில் நின்றவளையும், பதினெட்டு நிறையுமுன் மணமுடிக்கப்பட்டவளையும் அது காட்டாது. ஒரே வகுப்பில் அமர்ந்தவர் பள்ளி விட்டதும் சாதித் தெருக்களுக்குப் பிரிந்து செல்வதையும் அது சொல்லாது.

ஆயர்களும் இறையியல் மாணாக்கரும் இதனின்று கற்பது யாது? கல்வி ஊழியம் நமது பெயர்ப்பலகையுள்ள கட்டடங்களோடு முடிந்துவிடுவதன்று. சபை எல்லைக்குள் உள்ள அரசுப் பள்ளியின் பிள்ளைகளும் நமது பொறுப்பே. மாலையில் ஆலய வளாகத்தை அவர்கள் படிப்பதற்குத் திறந்துவிடலாம். படிப்பை நிறுத்த எண்ணும் பெற்றோரின் வீட்டுவாசலுக்கு நாமே செல்லலாம். ஏழை ஊர் தன் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்தது. நற்கருணைப் பந்தியில் அனைவரும் ஒன்றெனப் போதிக்கும் நாம், அவ்வூருக்குப் பின்தங்கி நிற்றல் தகுமோ?