மருந்து என்னும் நஞ்சு: தோட்டத் தொழிற்பாதுகாப்பின் வரலாறும் மொழியும்



தொழிற்பாதுகாப்பு என்பது பொறியாளர்க்கும் மருத்துவர்க்கும் வழக்குரைஞர்க்கும் உரிய பொருள். மொழி மன்றத்தின் பொழிவு மேடையில் அதற்கு என்ன இடம் என்று வினவுவோர் உளர். வினா தகுதியுடையதே. ஆயினும் ஜொகூர் மாநிலத் தமிழர் வரலாற்றில் பெரும்பகுதி வேலைத்தலத்தில் நிகழ்ந்த வரலாறு. பால்மரக் காட்டிலும் செம்பனை நிரையிலும் உடலால் உழைத்தவர்கள் எந்தச் சொற்களைக் கேட்டார்கள், எந்தச் சொற்களைக் கேட்கவில்லை என்பது அவர்களுடைய உடல்நலத்தோடு பிணைந்த செய்தி. இவ்வுரையில் நாம் நிறுவ விழைவது ஒன்றே. காயத்துக்கு விலை கொடுப்பதனால் காயம் குறைவதில்லை. வேலை செய்யும் முறை மாறும்போதே குறைகிறது. அம்முறை மாறுவதற்கு, இடர் இன்னதென்பது தொழிலாளியின் வாய்மொழியிலேயே சொல்லப்பட வேண்டும்.

காடும் காய்ச்சலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜொகூர், சீனக் குடியேறிகள் பயிரிட்ட மிளகாலும் கம்பீராலும் அறியப்பட்ட நாடு. 1909இல் ஜொகூரை ஊடறுத்து இருப்புப்பாதை நிறைவுற்றது; 1914இல் ஆங்கிலேயப் பொது ஆலோசகர் அமர்ந்தார். இவற்றை ஒட்டி, சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் வட்டாரங்களில் காடு திருத்தி ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. ஒப்பந்தக்கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்டபின், கங்காணி வழியாகச் சென்னை மாகாணத்திலிருந்து தமிழர் வந்து சேர்ந்தனர்.

வந்தவர்களை முதலில் வீழ்த்தியது கத்தியோ பாம்போ அன்று, மலேரியாக் காய்ச்சல். அடுத்திருந்த கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் 1911ஆம் ஆண்டில் இந்தியத் தொழிலாளருள் ஆயிரத்துக்கு 60 பேருக்கு மேல் இறந்தனர். ஜொகூரின் புதிய தோட்டங்களும் அதே வகைக் காட்டைத் திருத்தியே எழுந்தன. இறப்பை மண்ணின் நஞ்சு என்றும் வந்தவர்களின் விதி என்றும் பலர் கருதினர்.

இக்கருத்தை உடைத்தது அறிவியல். கொசுவின் உடலில் மலேரியாக் கிருமி வளர்வதை 1897இல் செக்கந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தார். 1901இல் கிள்ளானில் அரசு மருத்துவராக அமர்ந்த மால்கம் வாட்சன், அவ்வறிவைக் கொண்டு நகரைச் சூழ்ந்த சதுப்பை வடித்துக் காட்டினார், காய்ச்சல் சரிந்தது. பின்னர் தோட்டங்களிலும் அம்முறை பரவியது. ஆனால் மலைச்சரிவுத் தோட்டங்களில் காட்டைத் திருத்தியபின் காய்ச்சல் கூடிற்று. சமவெளிக் கொசு நிழல்நீரில் வளர்வது. மலைக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடையில் வளர்வது. காட்டை வெட்டி வெயிலை உள்ளே விட்ட அதே வேலை, ஓரிடத்தில் உயிர்காத்து மற்றோரிடத்தில் உயிர்கொண்டது. எனவே மலைப்பகுதிகளில் நிலத்தடிக் குழாய் வடிகாலும் ஓடைக்கு எண்ணெய் தெளிப்பும் வேண்டியிருந்தன.

தொழிற்பாதுகாப்பின் முதற்பாடம் இங்கேயே கிடைத்துவிடுகிறது. தொழிலாளிக்குக் கொயினா மாத்திரை கொடுப்பது நோய் வந்தபின் செய்வது, அல்லது வரும் நோயை மட்டுப்படுத்துவது. வடிகால் வெட்டுவதும் லயத்தை நீர்நிலையிலிருந்து விலக்கிக் கட்டுவதும் நோயின் வாயிலையே அடைப்பது. முதலாளிகள் இரண்டாம் வழியை ஏற்றதற்கு அருள் மட்டும் காரணமன்று. கடல் கடந்து கொணர்ந்த ஆள் நோயில் கிடந்தாலும் இறந்தாலும் நட்டம் என்ற கணக்கும் காரணம். கணக்கினால் வந்த நன்மையும் நன்மையே. ஆயினும் அவ்வடிகாலைத் தன் கையால் வெட்டிய தொழிலாளிக்கு அது எதற்கென்று எடுத்துச் சொல்லும் கடமை எவர்க்கும் விதிக்கப்பட்டிருக்கவில்லை.

அடிபட்டவனும் வெட்டிக்கொண்டவனும்

இரண்டாம் கட்டம் இழப்பீட்டுச் சட்டங்களின் காலம். இங்கிலாந்தில் 1897இலும் இந்தியாவில் 1923இலும் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டங்கள் பிறந்தன. மலாயாவில் 1952ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் நெடுங்காலம் நிலைத்தது. இவற்றின் உயிர்நிலை ஒரு தொடரில் அடங்கும்: காயம் வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும் நேர்ந்திருக்க வேண்டும். முதலாளி தவறு செய்தார் என்று மெய்ப்பிக்கும் சுமை தொழிலாளியின் தோளிலிருந்து இறங்கியது. அது பெரும் மாற்றம்.

ஆனால் தொழிலாளியின் பேச்சில் அம்மாற்றம் நிகழ்ந்ததா? தமிழில் காயத்தைச் சொல்ல இருவகை வினைகள் உள்ளன. ‘கையில் வெட்டுப்பட்டது’ என்றால் ‘படு’ என்னும் துணைவினை, துன்பம் ஒருவன்மேல் வந்து வீழ்ந்ததைக் காட்டும். ‘கையை வெட்டிக்கொண்டான்’ என்றால் ‘கொள்’ என்னும் துணைவினை, செயலின் விளைவைச் செய்தவனிடமே திருப்பிவிடும். தோட்டப் பேச்சில் பால்வெட்டுக் கத்தி பட்ட காயத்துக்கு இரண்டாம் வடிவமே இயல்பாக வரும். விடியுமுன் இருட்டில், மழையில் வழுக்கும் சரிவில், நிரையை முடிக்கும் விரைவில் நேர்ந்த காயம் அது. ரப்பர்ப் பால் குளிர்ந்த நேரத்தில்தான் நன்றாக வடியும். ஆதலால் வேலை வைகறையில் தொடங்கும். பாலின் எடைக்கேற்பக் கூலி அமைந்தால் கையும் காலும் விரையும். இருட்டும் சரிவும் கூலிமுறையும் ஆகிய மூன்றும் ‘வெட்டிக்கொண்டான்’ என்ற ஒரு சொல்லுக்குள் மறைந்துபோகின்றன.

இது வெறும் இலக்கண நயம் அன்று. தானே வெட்டிக்கொண்டதாக நம்புகிறவன், இழப்பீடு கேட்கத் தனக்கு உரிமை உண்டு என்று எண்ணான். தண்டலும் கிராணியும் அதனை அவன் கவனக்குறைவு என்று ஏட்டில் ஏற்றினால், அடுத்த நிரையில் விளக்கு வேண்டுமா, சரிவில் படி வெட்ட வேண்டுமா என்ற வினாவே எழாது. கோரிக்கைகளின் எண்ணிக்கை குறைந்திருப்பது எப்போதும் காயம் குறைந்ததற்குச் சான்றாகாது. சில வேளை அது வாய் மூடியதற்கும் சான்றாகலாம். புள்ளிவிவரம் படிப்போர் இதனை மறத்தல் ஆகாது.

1969ஆம் ஆண்டின் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1971இல் சொக்சோ தொடங்கியது. இழப்பீடு தனி முதலாளியின் பணப்பையிலிருந்து பொதுநிதிக்கு மாறியது. தொழிலாளிக்கு இது உறுதியான நிழல். ஆயினும் தொழில்விபத்துப் பிரிவுக்கு முதலாளி செலுத்தும் 1.25 விழுக்காடு ஊதியத்தை அளவாகக் கொண்டது. வேலைத்தலத்தின் இடரை அளவாகக் கொண்டதன்று. கவனமாக நடத்துபவரும் கவனமின்றி நடத்துபவரும் ஒரே விகிதத்தில் செலுத்துகின்றனர். ஆகவே இழப்பீட்டு ஏற்பாடு எவ்வளவு செம்மையாக இருந்தாலும் அது தானாக வேலைமுறையைத் திருத்திவிடாது. திருத்துவதற்கு வேறு சட்டம் வேண்டியிருந்தது. 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் ஆலையையும் இயந்திரத்தையும் நோக்கியது. திறந்த வெளியில் நிரையில் நின்று உழைத்தவர்களை அது எட்டவில்லை.

மருந்தடித்தல்

ரப்பர் குன்றிச் செம்பனை பெருகிய காலத்தில் தோட்டத்தின் இடரும் உருமாறியது. ஓலை விழுதல், முள் தைத்தல், கனத்த குலை சரிதல் ஆகியவை கண்ணுக்குத் தெரிந்த இடர்கள். கண்ணுக்குத் தெரியாதது களைக்கொல்லி. 1962 முதல் உலகச் சந்தையில் விற்பனைக்கு வந்த பாராகுவாட் என்னும் களைக்கொல்லி மலேசியத் தோட்டங்களில் பரவலாயிற்று. முதுகில் கலத்தைச் சுமந்து அதனைத் தெளித்தவர்களுள் மிகப் பலர் பெண்கள். அவர்களுள் பலர் தமிழ்ப்பெண்கள். நகம் கறுத்து உதிர்தல், மூக்கில் இரத்தம் வடிதல், கண்ணெரிச்சல், தோற்புண் ஆகியவை அதன் அடையாளங்கள். உட்கொண்டால் நுரையீரலை அழிக்கும். அதற்கு முறிமருந்து இல்லை.

இவ்வேலைக்குத் தோட்டத்தில் வழங்கிய பெயர் ‘மருந்தடித்தல்’. குளுவாங், லாபிஸ் வட்டாரங்களில் தோட்டத்தமிழைத் தொகுத்த காலத்தில் நாம் மிகுதியாகக் கேட்ட சொற்களுள் இதுவும் ஒன்று. நிரையில் நின்ற மலாய்க்காரர் அதே பொருளை ‘ராச்சுன்’ என்பார். அச்சொல்லுக்கு நஞ்சு என்றே பொருள். தமிழரோ மருந்து என்றனர். தமிழில் மருந்து என்பது நோய் தீர்ப்பது மட்டுமன்று. கலந்து அமைத்த ஆற்றல்மிக்க பொருள் எதனையும் அது குறிக்கும். வெடிமருந்து என்ற வழக்கே சான்று. மலாயிலும் கொசுவர்த்திக்குக் கொசு மருந்து எனப் பொருள்படும் பெயர் உண்டு. எனவே தமிழர் அறியாமையால் இப்பெயரை இட்டனர் என்பது பொருந்தாது. ஆயினும் ஒரு சொல் நாள்தோறும் நாவில் புரளும்போது அதன் நல்ல பொருள் முன்னே வந்து நிற்கும். மருந்து பட்ட கையை உடனே கழுவ வேண்டும் என்று எவர்க்குத் தோன்றும்? மருந்து தெளித்த உடையைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைத்தால் என்ன என்றே தோன்றும்.

அறிவியல் தமிழ் ‘களைக்கொல்லி’, ‘பூச்சிக்கொல்லி’ என்னும் நல்ல சொற்களை ஆக்கித் தந்தது. அவை பாடநூலில் வாழ்ந்தன, பெரட்டுக்களத்தில் வாழவில்லை. எச்சரிக்கை ஏட்டுச்சொல்லில் இருக்க, வேலை பேச்சுச்சொல்லில் நடந்தது. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்ட நம்போன்றோர் எண்ணிப் பார்க்க வேண்டிய இடைவெளி இது.

2002இல் ஐரின் பெர்னாண்டஸ் தலைமையிலான தெனாகானித்தா அமைப்பு, தெளிப்புப் பெண்களின் உடல்நிலையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அவ்வாண்டே பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்த அரசு முடிவு செய்தது. 2006இல் அம்முடிவு தளர்த்தப்பட்டது. இறுதியில் 2020 சனவரி 1 முதல் முழுத்தடை நடைமுறைக்கு வந்தது. இடையில் கழிந்த ஆண்டுகளில் முகமூடியும் கையுறையும் அணிந்தால் போதும் என்ற வாதம் ஓங்கியிருந்தது. நிலநடுக்கோட்டு வெயிலில் ரப்பர்க் கையுறையும் தடித்த மேலாடையும் அணிந்து நாள் முழுதும் நடக்க இயலுமா என்பதை நடந்தவர்களே அறிவர். உடற்கவசம் இறுதி அரண். முதல் அரண் நஞ்சை நீக்குதல், அல்லது நஞ்சு குறைந்ததைக் கொண்டு மாற்றுதல். பாதுகாப்பியலார் வகுத்த இவ்வரிசை, வாட்சன் காலத்து வடிகாலுக்கும் கொயினாவுக்கும் இடையிருந்த அதே வேறுபாடுதான்.

சட்டம் பேசத் தொடங்கிய காலம்

1991 மே 7 அன்று சிலாங்கூரின் சுங்கை பூலோவில் ஒரு பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்பேரிடரின் பின்னணியில் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994 பிப்ரவரி 25இல் நடைமுறைக்கு வந்தது. இதன் நெறி, இங்கிலாந்தில் 1972இல் வெளிவந்த ராபன்ஸ் அறிக்கையைத் தழுவியது. இடரை உண்டாக்குபவரே அதனை அடக்கும் முதற்பொறுப்பை ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். தோட்டமும் இதன் வரம்புக்குள் வந்தது. 40 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் தொழிலாளரும் அமரும் பாதுகாப்புக் குழு வேண்டும் என அது விதித்தது.

நம் நோக்கில் தலையாயது வேறொன்று. தகவல், அறிவுறுத்தல், பயிற்சி, மேற்பார்வை ஆகியவற்றை அளிப்பது முதலாளியின் கடமை என அச்சட்டம் கூறுகிறது. வடிகால் வெட்டியவனுக்குச் சொல்லப்படாததை இனிச் சொல்லியே ஆகவேண்டும். சொல்வது புரியாத மொழியில் இருந்தால் அது தகவல் ஆகாது, ஒலி மட்டுமே. 2024 சூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், தண்டத்தின் உச்சத்தை 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்த்தியது. உடனடிப் பேரிடர் கண்டால் வேலையிடத்தை விட்டு விலகும் உரிமையையும் தொழிலாளிக்குத் தந்தது. ஆனால் விலகுவதற்கு முன் அது பேரிடர் என்று அறிந்திருக்க வேண்டுமே.

நீரிணைக்கு அப்பால் ஓர் ஒப்புமை உண்டு. சிங்கப்பூரில் 2004 ஏப்ரலில் நிக்கல் நெடுஞ்சாலை சரிந்து நால்வர் மாண்டபின், 2006இல் புதிய சட்டம் வந்தது. 2004இல் இலட்சம் தொழிலாளருக்கு 4.9 ஆக இருந்த வேலையிட இறப்பு, 2023இல் 0.99 ஆயிற்று. காரணங்கள் பல, தனியொன்றைச் சுட்டுதல் தகாது. எனினும் கட்டுமானத் தொழிலாளர்க்கான பாதுகாப்புப் பயிற்சி அங்கே தமிழிலும் வங்கத்திலும் நடத்தப்படுகிறது என்பது நாம் கருத்திற் கொள்ளத்தக்கது.

மன்றத்தின் முன் உள்ள பணி

இன்று ஜொகூர்த் தோட்டங்களில் தமிழர் சிலரே. நிரையில் நிற்பவர் இந்தோனேசியர், வங்காளதேசத்தார், நேப்பாளத்தார். தமிழர் பலர் பாசிர் கூடாங் ஆலைகளுக்கும் பாலத்துக்கு அப்பாலும் சென்றுவிட்டனர். அயல்நாட்டுத் தொழிலாளரைச் சொக்சோவின் விபத்துக் காப்பு 2019 முதல் எட்டியிருக்கிறது. அவர்கள் மொழியில் எச்சரிக்கை எட்ட வேண்டியது அடுத்த படி. நம் முன்னோர் பெற்றிராததை அவர்களும் பெறாமற்போக நாம் பார்த்திருத்தல் அறமன்று.

ஆகவே மன்றத்தின்முன் இரண்டு பணிகளை வைக்கிறோம். முதலாவது, தொழிற்பாதுகாப்புக்கெனச் சிறு சொற்றொகுதி ஒன்றைப் பேச்சுத்தமிழை அடிப்படையாகக் கொண்டு அமைத்தல். அதில் களைக்கொல்லி ‘களை நஞ்சு’ எனப்படட்டும். விபத்துப் படிவத்தில் ‘வெட்டிக்கொண்டான்’ என்று எழுதுமுன், வெளிச்சம் இருந்ததா, தரை எப்படி இருந்தது, எத்தனை மணி நேரமாக வேலை என்னும் மூன்று வினாக்கள் இடம்பெறட்டும். அச்சொற்களைத் தொழிலாளரிடமே படித்துக் காட்டி, அவர்கள் திருப்பிச் சொல்வதைக் கேட்டபின் அச்சிடுதல் வேண்டும். இரண்டாவது, இம்முறையையே வங்க, நேப்பாள, இந்தோனேசிய மொழிகளில் செய்ய விழைவோர்க்கு நம் பட்டறிவைக் கையளித்தல். செலவு சிறிது, வேண்டுவது செவிகொடுத்துக் கேட்கும் பொறுமை. இப்பணியைத் தொடங்க மன்றம் ஒரு குழுவை அமைக்குமாயின், நம்மால் இயன்ற உழைப்பை அதற்கு நல்குவோம்.