மெழுகு: சொல் நின்றது, பொருள் மாறியது

மெழுகுவர்த்தி என்னும் சொல்லுக்குள் ஒரு பழைய பொருள் உறங்கிக்கொண்டிருக்கிறது. உருகும் அன்புக்குத் தீக்கண்ட மெழுகைத் திருவாசகம் உவமையாக்கியபோது உலகில் பாரபின் இல்லை. மணிவாசகர் அறிந்த மெழுகு தேனடை தந்த மெழுகு. நாம் இன்று கடையில் வாங்கும் வர்த்தியோ பெரும்பாலும் கச்சா எண்ணெயின் வழித்தோன்றல். இம்மாற்றத்தின் வரலாற்றை நாம் ஐரோப்பாவில் தேட வேண்டியிருக்கிறது.

வேலைக்காரத் தேனீயின் வயிற்றடியில் நான்கு இணைச் சுரப்பிகள் உள்ளன. அவற்றிலிருந்து செதில்களாக வெளிப்படும் மெழுகு முதலில் வெண்மையானது. மகரந்தமும் பிசினும் சேர்ந்தே அதற்குப் பொன்னிறம் தருகின்றன. ஏறத்தாழ 62 முதல் 64 பாகை செல்சியசில்தான் அது உருகும். ஆகவே வர்த்தி எளிதில் வளையாது. நிதானமாக, நறுமணத்தோடு எரியும்.

இடைக்கால ஐரோப்பாவில் இவ்வொளி தேவாலயத்துக்கும் அரண்மனைக்கும் உரியதாக இருந்தது. எளியோர்க்கு வாய்த்தது ஆடுமாடுகளின் கொழுப்பில் செய்த திரி. அது புகையும், நாறும். கருகிய திரியை அடிக்கடி கத்தரிக்கவும் வேண்டும். இலண்டனில் இவ்விரு தொழிலாளரும் தனித்தனிச் சங்கங்களாக இயங்கினர். கொழுப்புத்திரி செய்வோர் 1462இலும் மெழுகுத்திரி செய்வோர் 1484இலும் அரச பட்டயம் பெற்றனர். ஒளியிலும் மேல்கீழ் இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

1709இல் இங்கிலாந்து வர்த்திக்கு வரி விதித்தது; 1831 வரை அது நீடித்தது. ஏழைகள் கோரைத்தண்டின் உட்சோற்றைக் கொழுப்பில் தோய்த்து எரித்தனர். 1789இல் வெளிவந்த கில்பர்ட் வைட்டின் செல்போர்ன் பற்றிய நூல் அதன் செய்முறையையும் சிக்கனக் கணக்கையும் விரித்துரைக்கிறது. இருட்டிய பின் ஒரு குடும்பம் எவ்வளவு நேரம் விழித்திருக்கலாம் என்பதைக் கையிலிருந்த காசே தீர்மானித்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்நிலையை மாற்றியது. கொழுப்பிலிருந்து ஸ்டியரினைப் பிரித்து வர்த்தியாக்கும் முறைக்குச் செவ்ரலும் கே-லுசாக்கும் 1825இல் காப்புரிமை பெற்றனர். 1850இல் நிலக்கரியிலிருந்து பாரபின் எடுக்கும் முறைக்கு ஜேம்ஸ் யங் உரிமை பெற்றார். மலிவான, தூய ஒளி குடிசைக்கும் வந்தது. எனவே பாரபினைப் பழிப்பது நன்றி மறப்பதாகும். ஆயினும் தேன்மெழுகின் அருமையை மறப்பதும் இழப்பே.

தேன்மெழுகு வர்த்தியைப் பேணுவது கடினமன்று. நாள்பட்டால் மேலே வெண்பூச்சு படியும். அது பூஞ்சையன்று, மெழுகின் இயல்பு. மென்துணியால் துடைத்தால் பளபளப்பு மீளும். வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். ஏற்றுமுன் திரியைக் கால் அங்குல அளவுக்கு நறுக்க வேண்டும். பருத்த வர்த்தியாயின், முதல் முறை ஏற்றும்போது உருகிய மெழுகு விளிம்பை நெருங்கும்வரை எரியவிட வேண்டும்; இல்லையேல் நடுவில் மட்டும் குழி விழும். காற்றோட்டத்தில் வைத்தால் ஒருபக்கமாக வழிந்து வீணாகும்.

சுவாமிமலைச் சிற்பியர் இன்றும் தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் கூட்டித் திருமேனியின் கருவை வனைகிறார்கள். மண் பூசிச் சுட்டதும் மெழுகு உருகி வெளியேறுகிறது. அது விட்ட வெற்றிடத்தில் உலோகம் புகுந்து இறைவடிவம் கொள்கிறது. தான் அழிந்து இன்னொன்றுக்கு இடம் தருவதே மெழுகின் இயல்பு. அடுத்தமுறை வகுப்பில் திருவாசக உவமையை விளக்கும்போது, மாணவர் கையில் ஒரு துண்டுத் தேன்மெழுகைக் கொடுத்துவிட்டுத் தொடங்குவோம். உரை சொல்லாததை அதன் மணம் சொல்லக்கூடும்.