ஓட்டமா, உடன்போக்கா? கேகாலைத் தோட்டங்களில் ஒரு குற்றச்சொல்

கேகாலையிலிருந்து புளத்கொஹுபிட்டிய வழியாக இறங்கிவரும் சாலை கொழும்பு–ஹட்டன் சாலையில் சேரும் இடம் கரவனெல்ல. யட்டியாந்தோட்டைப் பக்கத்து றப்பர் தோட்டங்களிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் இந்தச் சந்தியைத் தாண்டித்தான் போக வேண்டும். கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்து, மாதக்கணக்கில் தோட்டத்துப் பிரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) வராத இளைஞனைப் பற்றி லயத்தில் கேட்டால், "பேர் வெட்டிட்டாங்க" என்பார்கள், செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டிலிருந்து. அவனுடைய பூட்டன் அப்படிப் போயிருந்தால் கதையே வேறு. தோட்டத்துத் துரை அவரை 'போல்ட்' ஆனவர், அதாவது ஓடிப்போனவர், என்று எழுதியிருப்பார், நீதிமன்றம் பிடியாணை அனுப்பியிருக்கும்.

'டிசர்ஷன்' என்ற ஒரே ஆங்கிலச் சொல் படை, மணம், வேலை ஆகிய மூன்றுக்கும் பொருந்துகிறது. தமிழ் இவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. சிப்பாய் தப்பியோடுகிறான், கணவன் கைவிடுகிறான், தோட்டத்து ஆள் ஓடிப்போகிறான். கைவிடுகிறவன் வலியவன், கைவிடப்பட்டவர் எளியவர். ஓடிப்போவதில் இது தலைகீழ். இலங்கையின் 1907ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டத்தில் மணமுறிவுக்கு உரிய காரணங்களுள் ஒன்று, தீய எண்ணத்தோடு துணையைக் கைவிட்டுப் போவது. அங்கே எண்ணத்தை நிரூபித்தாக வேண்டும். தோட்டத்தில் ஓடிப்போனவரின் எண்ணத்தை எந்தச் சட்டமும் கேட்கவில்லை.

அந்த எண்ணத்தை முதலில் தேடிப்போனவர்கள் பிற்கால ஆய்வாளர்கள்தான். ஜேம்ஸ் ஸ்காட் 1985இல் வெளியிட்ட, மலேசியக் கெடா மாநில உழவர்களைப் பற்றிய நூலில், எளியோரின் அன்றாட எதிர்ப்பு வடிவங்களை அடுக்கும்போது வேலையை இழுத்தடிப்பது, சின்னத் திருட்டு, தெரியாததுபோல் நடிப்பது ஆகியவற்றோடு ஓடிப்போவதையும் சேர்த்தார். ஜேம்ஸ் டங்கன் 2007இல் வந்த, இலங்கைக் காப்பித் தோட்டங்கள் பற்றிய தம் நூலில் இந்தப் பார்வையை மலையகத்துக்குக் கொண்டுவந்தார். தோட்டம் உடலை அடக்கி ஒழுங்குபடுத்தும் இடம், தொழிலாளி அந்த ஒழுங்கிலிருந்து நழுவுகிறவர், நழுவலின் உச்சம் ஓட்டம் என்பது அவருடைய வாசிப்பின் சாரம்.

கவர்ச்சியான வாசிப்புதான். கூலிகளை வாயில்லா மந்தையாகக் காட்டிய பழைய எழுத்துகளுக்கு நல்ல மறுப்பும்கூட. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. டங்கன் துரைமாரின் ஆவணங்களிலிருந்து ஓட்டத்தை எடுக்கிறார். துரையோ இரண்டு வேறு நிகழ்ச்சிகளை ஒரே சொல்லால் எழுதியவர். காய்ச்சலும் பசியும் தாங்காமல் ஒரு குடும்பம் இரவோடிரவாகக் காட்டுவழியில் இறங்கினாலும் அது 'போல்ட்' தான். ஆள் திரட்டிக் கொண்டுவந்து மேற்பார்க்கும் பெரிய கங்காணி தன் ஆட்களை மொத்தமாகக் கிளப்பி, கூடுதல் முன்பணம் தரும் அடுத்த தோட்டத்துக்கு ஓட்டிக்கொண்டு போனாலும் அதுவும் 'போல்ட்' தான். முதலாவதை எதிர்ப்பு என்று சொல்லலாம். இரண்டாவது வியாபாரம். அதில் தொழிலாளி ஓடவில்லை, ஓட்டப்பட்டார். சொல்லைப் பிரிக்காமல் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால், கங்காணியின் பேரம் தொழிலாளியின் கலகமாகிவிடும்.

தமிழ் மரபில் இதற்கு வேறொரு சொல் இருக்கிறது. ஊர் 'ஓடிப்போய்விட்டாள்' என்று சொல்வதை அகத்திணை 'உடன்போக்கு' என்று மரியாதையாகச் சொல்லும். ஒருவரை நம்பி அவரோடு போவது என்பதுதான் அதன் பொருள். சொந்தக்காரர்களும் ஊர்க்காரர்களுமாகச் சேர்ந்த ஒரு கூட்டம், தன்னைக் கடல் கடத்திக் கொண்டுவந்த கங்காணியின் பின்னால் நடந்ததை விளக்க, ஸ்காட்டின் பட்டியலைவிட இந்தப் பழைய துறைப்பெயரே அருகில் வருகிறது. காதல் இல்லை, கடன் இருந்தது என்பதுதான் வேறுபாடு.

அந்த ஓட்டத்தைக் குற்றமாக்கிய, வேலையாட்களுக்கான 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தில் ஒரு பிரிவை மட்டும் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். குடிபோதை, கீழ்ப்படியாமை, துடுக்குத்தனம் ஆகியவற்றை அடுக்கும் அதே மூச்சில், உத்தரவோ தகுந்த காரணமோ இல்லாமல் வேலையை விட்டு நீங்குவதையும் அது குற்றமாக்குகிறது. தண்டனை மூன்று மாதம் வரை சிறை. பிறர் வேலையாளை ஆசைகாட்டி இழுப்பதும், அப்படி வந்தவரை வைத்துக்கொள்வதும் அதே சட்டத்தில் குற்றங்கள்தான். இங்கே 'உத்தரவு' என்பதைத் தமிழ்க் காதால் கேட்டுப் பாருங்கள். நம் பேச்சில் உத்தரவு வாங்கிக்கொள்வது என்றால் விடைபெறுவது, விருந்தாளியின் மரியாதை. தோட்டத்தில் அது இன்னொருவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டிய பொருளாகிவிட்டது.

அந்தக் கையெழுத்தின் பெயர் துண்டு. இத்தனை ரூபாய் கடனைத் தீர்த்தால் இத்தனை பேரை விடுவிக்கிறேன் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. கங்காணி அதை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். பணம் கட்டுகிற புதுத் துரை ஆட்களைப் பெறுவார், கட்டிய தொகை ஆட்களின் தலையில் புதுக் கடனாக ஏறும். ஒவ்வொரு மாற்றத்திலும் கடன் பெருத்தது. ஆள் பிரட்டுக்கு வந்தால்தான் கங்காணிக்குத் தலைக்காசு. ஆகவே தனியாக ஓடியவரைத் துரத்தியவரும் அவரே, மொத்தமாக ஓட்டிப் போனவரும் அவரே. துண்டோடு போனால் இடமாற்றம், துண்டில்லாமல் போனால் குற்றம். நடந்த கால்கள் ஒன்றுதான்.

களனிப் பள்ளத்தாக்கில் இந்தப் போக்குவரத்து மலைநாட்டைவிட எளிதாக நடந்திருக்க வேண்டும். ரயில் பாதை 1903இல் யட்டியாந்தோட்டையை எட்டியது. அதையடுத்து றப்பர் விலை ஏற, புதுத் தோட்டங்கள் ஆளுக்கு அலைந்தன. இது சூழ்நிலைச் சான்று மட்டுமே. ஆனாலும் முன்பணப் போட்டியின் வரலாற்றை அறிந்தவர்கள், இங்கு ஓடியவர்களில் பெரும்பகுதியைத் தனி ஓட்டமாகக் கொள்ளத் தயங்குவார்கள்.

இன்னொரு சீட்டும் உண்டு. அதன் பெயரிலேயே ஒரு குழப்பம். மலையகப் பேச்சில் 'பத்துச்சீட்டு' என்றால் தோட்டத்திலிருந்து விலக்கும் கடிதம். எழுத்தில் சிலர் 'பற்றுச்சீட்டு' என்று திருத்துவார்கள். பேச்சில் 'பற்று' 'பத்து' ஆவது இயல்பு, ஆகவே திருத்தம் சரியாகவே இருக்கலாம். அப்படியானால் இன்னும் சுவை: இலங்கைத் தமிழில் பற்றுச்சீட்டு என்பது கடையில் தரும் ரசீது. ஆளை விடுவிக்கும் தாளுக்குக் கணக்குத் தீர்ந்ததற்கான தாளின் பெயர். ஓடிப்போவது அந்த மக்களின் வாயில் ஒழுக்கக்கேடாக இருந்ததா, ரசீது இல்லாத கொடுக்கல்வாங்கலாக இருந்ததா என்ற கேள்வியை இந்த ஒரு சொல் எழுப்புகிறது. இரண்டாவதன் பக்கமே தராசு சாய்கிறது.

1917இல் சென்னை மாகாண அரசுக்காக மார்ஜோரிபாங்க்ஸும் அகமது தம்பி மரைக்காயரும் தோட்டத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து அறிக்கை தந்தார்கள். இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் அருணாசலம், வேலையை விட்டதற்காகச் சிறை வைப்பதை எதிர்த்து விடாமல் எழுதினார். 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது, ஓடியவருக்கான சிறைத் தண்டனையையும் நீக்கியது. பத்துச்சீட்டு மட்டும் பிழைத்துக்கொண்டது, பொருளை மாற்றிக்கொண்டு. முன்பு தொழிலாளி கேட்டும் கிடைக்காத தாள், பிறகு கேட்காமலே கைக்கு வந்த தாள். இந்த மாற்றம் எந்த ஆண்டில் என்று சுட்டுவது கடினம். தொழிற்சங்கங்கள் தோட்டத்துக்குள் வந்த 1930களின் இறுதி என்பது ஓர் ஊகம்.

மாற்றம் முற்றிய இடம் கேகாலை மாவட்டத்திலேயே இருக்கிறது. உந்துகொடையில் உள்ள நேவ்ஸ்மயர் தோட்டத்தை அரசு கிராமவாசிகளின் குடியேற்றத்துக்கு எடுத்துக்கொண்டது. தமிழ்த் தொழிலாளர்களை லயங்களை விட்டு வெளியேறச் சொன்னது. அவர்கள் போகவில்லை. அத்துமீறல் என்று வழக்கு வந்தது. இதை எதிர்த்து 1946 ஜூனில், இந்திய வம்சாவளியினரின் அமைப்பான இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடத்தியது. எண்பது ஆண்டுக்கு முன் போனது குற்றம், இப்போது இருந்தது குற்றம்.

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1950இல் தொழிலாளர் பக்கம் முடிந்தது. தம் வீட்டில் தொடர்ந்து இருப்பதே அவர்கள் நோக்கம், உரிமையாளருக்குத் தொல்லை தருவது நோக்கமாகாது என்றது தீர்ப்பு. எண்ணம் என்ன என்று கடைசியில் ஒரு நீதிமன்றம் கேட்டிருக்கிறது. அதற்குள், அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வந்துவிட்டது.

டங்கனின் எதிர்ப்பு வாசிப்பை இந்த இடத்துக்குக் கொண்டுவந்தால் நன்றாகப் பொருந்தும். ஆனால் அது ஓடாமல் இருந்ததற்குப் பொருந்துகிறது. 1977இலும் 1981இலும் தமிழருக்கு எதிரான வன்முறைக்குப் பின் இரத்தினபுரி போன்ற தென்பகுதித் தோட்டங்களிலிருந்து வவுனியாப் பக்கம் போன குடும்பங்களையும் 'ஓடிவந்தவர்கள்' என்றுதான் சொல்கிறோம். அதை டங்கனின் கணக்கிலும் சேர்க்க முடியாது, கங்காணியின் கணக்கிலும் சேர்க்க முடியாது.

கரவனெல்லச் சந்தியில் கொழும்பு பஸ்ஸுக்கு நிற்கிற இளைஞனுக்கு இன்று பிடியாணை பயம் இல்லை. லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால், வீட்டில் ஒருவராவது செக்ரோலில் இருப்பது நல்லது என்று குடும்பங்கள் கணக்குப் போடுகின்றன. மகன் பேரை வெட்டிய தோட்டத்தில் அம்மா இன்னும் பால் வெட்டப் போகிறார்.