ஹார்வர்டில் நாற்காலி மாறினால் நமக்கென்ன?

போன வாரம் காஸ்டிங் பரீட்சைக்குப் படிக்கிறேன் பேர்வழி என்று நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். மேஜையில் தலையணை சைஸில் ஒரு புத்தகம். அட்டையில் மூன்று பெயர்கள்: ஹார்ன்கிரென், தாதார், ராஜன். படிக்க வேண்டியதை விட்டுவிட்டு இவர்கள் யார் என்று தேட ஆரம்பித்தேன் (எப்போதும் நடப்பதுதான்!).

ராஜன் என்பவர் மாதவ் ராஜன். நம்ம சென்னைப் பல்கலைக்கழகத்தில் வணிகவியல் படித்தவர். 2017 இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் பூத் வணிகப் பள்ளிக்கு டீன் ஆனார். ஸ்ரீகாந்த் தாதார் 2021 ஜனவரியில் ஹார்வர்டு வணிகப் பள்ளிக்கு டீன் ஆனார். நம்மைத் தூக்கம் வர வைக்கும் புத்தகத்தை எழுதிய இரண்டு பேர் இரண்டு பெரிய பள்ளிகளின் தலைமைக்குப் போயிருக்கிறார்கள். சரி, இந்த நாற்காலிகள் எப்படிக் கைமாறுகின்றன, மாறினால் வகுப்பறையில் என்ன மாறுகிறது என்று ஹார்வர்டின் கதையைத் தேடிப் படித்தேன். அதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு விஷயம். ஹார்வர்டில் வணிகப் பள்ளியின் டீனை நியமிப்பவர் பல்கலைக்கழகத்தின் தலைவர் (நம்ம ஊர் துணைவேந்தர் மாதிரி). ஆகவே மேலே ஆள் மாறினால் அதன் விளைவு கீழேயும் வந்து சேரும், கொஞ்சம் தாமதமாக.

கதை சட்டக் கல்லூரியில் தொடங்குகிறது. 1869 இல் சார்லஸ் எலியட் ஹார்வர்டின் தலைவரானார். அடுத்த வருடமே கிறிஸ்டோபர் லாங்டெல் என்பவரைச் சட்டக் கல்லூரியின் டீனாக நியமித்தார். மாணவர்கள் விரிவுரையை மனப்பாடம் செய்வதை விட்டு, நிஜ வழக்குகளைப் படித்து வகுப்பில் வாதாட வேண்டும் என்ற முறையைக் கொண்டுவந்தவர் அந்த லாங்டெல்தான்.

அதே எலியட் காலத்தில், 1908 இல், வணிகப் பள்ளி ஒரு சோதனை முயற்சியாகத் தொடங்கியது. வியாபாரத்தைப் போய்ப் பல்கலைக்கழகத்தில் சொல்லித் தருவதா என்று முகம் சுளித்தவர்கள் அப்போது உண்டு. முதல் டீன் எட்வின் கே, பொருளாதார வரலாற்று ஆசிரியர். 1919 இல் அவர் விலகி ஒரு நியூயார்க் பத்திரிகைக்குப் போனார். அவர் இடத்துக்கு வந்தவர் வாலஸ் டோனம். பேராசிரியர் அல்ல, வங்கிக்காரர். ஆனால் ஹார்வர்டில் சட்டம் படித்தவர்!

இங்கேதான் முடிச்சு விழுகிறது. லாங்டெல் முறையில் படித்த டோனம் அதையே வணிகப் பள்ளியின் அடையாளமாக்கினார். 1920 இல் மெல்வின் கோப்லாண்ட் என்ற ஆசிரியர் மார்க்கெட்டிங் கேஸ்களைத் தொகுத்து முதல் புத்தகம் போட்டார். டோனம் 1942 வரை டீனாக இருந்தார். அதற்குள் கேஸ் ஸ்டடி இல்லாமல் அந்தப் பள்ளியே இல்லை என்றாகிவிட்டது. இன்று நம்ம இண்டர்னல் தேர்வில் வரும் கேஸ் ஸ்டடி கேள்வியின் பாட்டனார் இவர்தான் என்று சொல்லலாம். திட்டுவதானால் சரியான ஆளைத் திட்டுங்கள் :-)

அடுத்த திருப்பம் 1979 இல். அப்போது ஹார்வர்டின் தலைவர் டெரெக் பாக். இவரும் சட்டக்காரர், சட்டக் கல்லூரியின் டீனாக இருந்தவர். வணிகப் பள்ளியைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். கேஸ் முறைக்கு வரம்புகள் உண்டு, கோட்பாடுகளையும் நெறிமுறைகளையும் சொல்லித்தர அது மட்டும் போதாது என்பது அதன் சாரம். பள்ளிக்குள் பலருக்கு இது பிடிக்கவில்லை. 1980 இல் டீன் லாரன்ஸ் ஃபவுரேக்கர் விலகினார். பாக் நியமித்த ஜான் மெக்கார்தர் 15 வருடம் டீனாக இருந்தார். நெறிமுறைப் பாடத்துக்கு இடம் கிடைத்தது, ஆனால் கேஸ் முறை போகவில்லை. தலைவர் நினைத்தால்கூட வகுப்பறையின் பழக்கத்தை லேசில் அசைக்க முடியாது போலும்.

இப்போது எனக்கு முக்கியமாகப் பட்ட பகுதிக்கு வருகிறேன். எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். ஒருநாள் என் தோழி ஒருத்தி கேள்வித்தாளைக் காட்டி, "டேய், இந்த கேஸில் வர்ற முதலாளி எல்லாம் ஏன்டா மிஸ்டராவே இருக்காங்க?" என்று கேட்டாள். நான் அதுவரை கவனித்ததே இல்லை.

ஹார்வர்டு வணிகப் பள்ளியின் இரண்டாண்டு எம்.பி.ஏ.வில் முதலாம் ஆண்டிலேயே பெண்களைச் சேர்த்தது 1963 இல்தான். அந்த வருடம் சேர்ந்தவர்கள் 8 பேர். பல்கலைக்கழகத்திலோ 2005 ஜனவரியில், அறிவியலில் பெண்கள் குறைவாக இருப்பது பற்றித் தலைவர் லாரன்ஸ் சம்மர்ஸ் பேசிய பேச்சு பெரிய புயலைக் கிளப்பியது. அதே ஆண்டு கலை, அறிவியல் ஆசிரியர்கள் அவர் மேல் நம்பிக்கையில்லை என்று வாக்களித்தார்கள். 2006 இல் அவர் விலகினார். 2007 இல் ட்ரூ ஃபாஸ்ட் தலைவரானார். 1636 இல் தொடங்கிய ஹார்வர்டுக்கு முதல் பெண் தலைவர்!

2010 இல் ஃபாஸ்ட் வணிகப் பள்ளிக்கு நியமித்த டீன் நிதின் நோரியா, மும்பை ஐ.ஐ.டி.யில் படித்தவர். 2014 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஒரு கூட்டத்தில், பள்ளி பெண்களை நடத்திய விதத்துக்காக அவர் மேடையிலேயே மன்னிப்புக் கேட்டார். அப்போது ஹார்வர்டு கேஸ்களில் பெண்கள் மையப் பாத்திரமாக வந்தவை சுமார் 9 சதவீதம்தான். ஐந்து வருடத்தில் அதை 20 சதவீதமாக்குவோம் என்றும் சொன்னார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1963 இலிருந்து 2014 வரை 51 வருடம். பெண்கள் வகுப்புக்குள் வந்துவிட்டார்கள், பாடத்துக்குள் வரவில்லை. அதை ஒரு டீன் வெளிப்படையாக ஒப்புக்கொள்வதற்குள் எத்தனையோ டீன்கள் வந்து போய்விட்டார்கள்.

நோரியாவுக்குப் பின் வந்தவர்தான் நம்ம புத்தகத்துக்காரர் தாதார். 2010 இலேயே எம்.பி.ஏ. படிப்பின் குறைகளை அலசி மற்ற இருவரோடு சேர்ந்து ஒரு நூல் எழுதியவர். குறை சொன்னவரையே கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தது எனக்குப் பிடித்திருந்தது. அவரை நியமித்த லாரன்ஸ் பேக்கோ 2023 இல் ஓய்வு பெற்றார். அடுத்து வந்த கிளாடின் கே ஆறே மாதத்தில், 2024 ஜனவரி 2 அன்று விலகினார். பிறகு ஆலன் கார்பர் பொறுப்பேற்றார். ஒரு வருடத்துக்குள் மேலே மூன்று பேர்!

இதையெல்லாம் படித்தபின் எனக்குத் தோன்றியது இதுதான். தலைவர் மாறினார் என்ற செய்தியில் நாம் பெயரையும் சம்பளத்தையும்தான் பார்க்கிறோம். அந்த ஆள் வந்தபின் கேள்வித்தாளில் என்ன மாறியது என்று பார்ப்பதில்லை. டோனம் வந்ததால் கேஸ் வந்தது. ஆனால் அந்த கேஸில் யார் முதலாளி என்ற கேள்வியை நாற்காலியில் இருந்தவர்கள் தாமாகக் கேட்க அரை நூற்றாண்டு ஆனது. எங்கள் வகுப்பில் அதைக் கேட்க என் தோழிக்கு ஒரு இண்டர்னல் தேர்வு போதுமானதாக இருந்தது.

அடுத்த செமினாருக்கு அவள் சொந்தமாக ஒரு கேஸ் எழுதுகிறாள். ஈரோட்டில் தையல் கடை நடத்தும் அவள் அம்மாதான் அதில் முதலாளி. கணக்கெல்லாம் வாங்கிப் பார்த்தேன். பிரேக்-ஈவன் சரியாக வருகிறது.